சேலத்தில் தீபாவளிப் புகை ஏன் விடியும் வரை நிற்கிறது?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “தீபாவளி அன்று வெடிக்கும் நேரத்தில் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். மறுநாள் விடியற்காலையில்தான் மூச்சு இரைக்கிறது. மூன்று வருடமாக இப்படித்தான். புகைமூட்டமெல்லாம் டெல்லி மாதிரி பெரிய நகரத்துக்குத்தானே? நம் ஊரைச் சுற்றி மலை இருக்கிறது, காற்று நன்றாகத்தானே இருக்க வேண்டும்? பசுமைப் பட்டாசு வாங்கினால் போதுமா, இல்லை அம்மாவை இரண்டு நாள் ஏற்காட்டில் சித்தி வீட்டில் விட்டுவிடலாமா?”

தம்பி, உங்கள் அம்மாவின் உடம்பு சரியான நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது. நம் ஊரில் வெடிச் சத்தம் ஓய்ந்ததும் புகை போய்விடுவதில்லை. வெயில் ஏறும் வரை தெருவிலேயே கிடக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இயல்பாகவே மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கும் நேரம் விடியற்காலை மூன்று, நான்கு மணி. இரவெல்லாம் புகையைச் சுவாசித்துவிட்டு அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தால் இரைப்பு வரத்தான் செய்யும். அப்புறம் அந்த மலைகள்: அவை இருப்பதால்தான் இந்தத் தொல்லையே.

நான் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் பல வருடம் காற்று மாதிரி எடுக்கும் வேலை பார்த்தவன். மாடியில் ஒரு இயந்திரம் இருக்கும். அது காற்றை இழுத்து, கண்ணாடி இழையால் செய்த வெள்ளைத் தாள் வழியாக விடும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள்: காலை 6 முதல் மதியம் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை. தாளை ஈரமில்லாமல் உலர்த்தி, மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் எடை போடுவோம். கூடிய எடைதான் காற்றிலிருந்த தூசு. தீபாவளி அன்று மாலைத் தாள் கறுப்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இரவு பத்து மணிக்குமேல் மாட்டிய தாள். ஊரில் பாதிப் பேர் படுத்த பிறகு மாட்டியது. அதுவும் சாம்பல் பூசியதுபோல் வரும், கிட்டத்தில் கொண்டுபோனால் கந்தக வாடை அடிக்கும். புதிதாக யாரும் பெரிதாக வெடிக்காத நேரத்தில் அத்தனை தூசு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. மாலையில் கிளம்பியது போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

சேலத்தின் அமைப்பை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள். வடக்கே நகரமலை, அதற்கும் பின்னால் ஓங்கி நிற்கும் சேர்வராயன் மலை. தெற்கே ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை. கிழக்கே கோதுமலை. நடுவில் திருமணிமுத்தாறு ஓடும் பள்ளத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் நம் ஊர். அகலமான வாணலியின் அடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னால் தவறில்லை.

பகலில் இது பிரச்சினை இல்லை. வெயில் தரையைச் சுட வைக்கிறது, தரை காற்றைச் சுட வைக்கிறது, சூடான காற்று மேலே போகும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. சூரியன் மறைந்தபின் எல்லாம் தலைகீழாகிறது. தரை வேகமாகக் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, அதற்கு மேலே பகல் சூட்டோடு ஒரு அடுக்கு காற்று மிதக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. சூடான அடுக்கு மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. சமதளத்தில் இருக்கும் ஊர்களிலும் இது நடப்பதுதான். ஆனால் நமக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. இரவில் மலைச்சரிவுகளும் குளிர்கின்றன. அங்கே குளிர்ந்த காற்று தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்துக்குள் இறங்குகிறது. அடிவாரம், கன்னங்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் பின்னிரவில் இந்தச் சில்லிப்பை உணர்ந்திருப்பார்கள். அந்தக் குளிர்காற்று சேரச் சேர வாணலியின் அடியில் காற்று இன்னும் அசையாமல் நிற்கிறது. ஏழு மணிக்கு நாம் விட்ட புகை அதற்குள் மாட்டிக்கொள்கிறது.

ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். கோட்டை மாரியம்மன் கோயில் முதல் குகை என்ற பகுதி வரை ஆடித் திருவிழா நடக்கிறது, வண்டி வேடிக்கை பார்க்க ஊரே திரள்கிறது, வெடியும் வாணமும் அப்போதும் உண்டு. ஆனால் மறுநாள் காலை யாருக்கும் கண் எரிவதில்லை. தீபாவளி அளவுக்கு வீட்டுக்கு வீடு வெடிப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொங்கு நாட்டைத் தாண்டி நம் வரைக்கும் வீசும் காலம் அது. ஐப்பசியில் அந்தக் காற்று விடைபெற்றிருக்கும், வடகிழக்குப் பருவக்காற்று அப்போதுதான் தலைகாட்டும். ஒன்று போய் இன்னொன்று வரும் இடைவெளியில் காற்று பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கும். நம் தீபாவளி விழுவது சரியாக அந்த இடைவெளியில்.

அதனால்தான் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தீபாவளி அன்று இரவு நல்ல மழை பெய்தால் காற்று கழுவி விட்டதுபோல் ஆகிவிடும். வானம் மூடியிருந்தால் தரை அவ்வளவாகக் குளிராது, மூடியும் அவ்வளவு இறுக்கமாக இருக்காது. மிகவும் மோசம் எது தெரியுமா? முந்தைய நாள் மழை பெய்து, தரை ஈரமாக இருந்து, தீபாவளி இரவு வானம் தெளிந்து, இலைகூட அசையாமல் இருப்பது. பார்க்க அழகான இரவு. ஆனால் புகைத்துகள்கள் அந்த ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். விடிகாலையில் பனி என்று நினைத்துப் பலர் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது அந்தப் புகைக்குள்தான்.

ஒரு தீபாவளிக்கு நானும் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் இருந்தேன். காலை ஆறரை மணிக்கு லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் போய்க் கீழே பார்த்தேன். ஊர் தெரியவில்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு விரிப்பு, மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக, மலைக்கு மலை இழுத்துக் கட்டியதுபோல் கிடந்தது. அதற்கு மேலே காற்று கண்ணாடிபோல் இருந்தது. அந்த விரிப்புக்கு அடியில்தான் என் வீடும் என் பிள்ளைகளும் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொன்னது. ஒன்பது மணிவாக்கில் வெயில் உறைத்ததும் விரிப்பு கலைந்து, சரிவில் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

சரி, எவ்வளவு புகை என்ற கேள்விக்கு வருவோம். காற்றில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிஎம் 2.5 என்ற நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்டவை. நம் தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கு மயிரும் சளியும் தடுக்க முடியாத அளவு என்பதால் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலகச் சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன அளவு 15 மட்டும்தான்.

இங்கே “ஒரு நாள் சராசரி” என்பதைக் கவனியுங்கள். சேலத்தில் ஜங்ஷன் மெயின் ரோட்டில் சோனா கல்லூரி வளாகத்தில் தானாக அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு வெளியிடும் காற்றுத்தரக் குறியீடு என்பது அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இரவில் ஆறு மணி நேரம் நுண்துகள் 300 இருந்தது, மீதிப் பதினெட்டு மணி நேரம் 40 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 105 வரும். குறியீட்டில் அது ‘மோசம்’ என்ற வகையில் நிற்கும். அந்த ஆறு மணி நேரத்தை மட்டும் எடுத்தால் அதைவிட இரண்டு படி மேலே, ‘கடுமை’ என்ற கடைசி வகை. உங்கள் அம்மா சுவாசித்தது சராசரியை இல்லை, அந்த 300-ஐ. தீபாவளி அன்று மாலை 4 மணிக்கு வரும் எண்ணிலோ அன்றிரவுப் புகை ஒரு துளிகூடச் சேர்ந்திருக்காது. ஆகவே செயலியில் பார்ப்பதாக இருந்தால் மணிவாரி அளவைப் பாருங்கள். அதுவும் அந்த வளாகத்தின் அளவுதான். ஊரின் கிழக்கே, ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் அம்மாபேட்டைச் சந்துகளில் அதைவிடக் கூடலாம், குறையவும் செய்யலாம்.

டெல்லியைக் கேட்டீர்கள். நம் ஊர் டெல்லி இல்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே பயிர்த்தாள் எரிப்பதும் குளிர்காலமும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடிக்கும். நமக்கு ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. ஆனால் நோயாளிக்கு ஓர் இரவே போதும்.

இனி பட்டாசுக்குள் இருப்பது. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள் இவை அடிப்படை. பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். கந்தகம் எரிந்து வரும் கந்தக டைஆக்சைடுதான் தொண்டையைக் கமறச் செய்கிறது. உலோகங்கள் நுண்துகளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன.

பெரியவர்கள் எல்லோரும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. “வெடி வேண்டாம், குழந்தைகளுக்குச் சத்தமில்லாததாக வாங்கிக் கொடுங்கள்” என்போம். புனேயில் மார்பு நோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று 2016-ல், மக்கள் அதிகம் வாங்கும் ஆறு வகைப் பட்டாசுகளை, கொளுத்துபவர் நிற்கும் தூரத்தில் அளந்து பார்த்தது. முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பாம்பு மாத்திரைக்கு. கனமீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம் வரை நுண்துகள். ஆயிரம் வாலாச் சரவெடி 38,540. கம்பி மத்தாப்பு 10,390. சங்குச் சக்கரம் 9,490. புஸ்வாணம் 4,860. நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன். யோசித்தால் அதில் வியப்பில்லை. மாத்திரை பொங்கிப் பொங்கிக் கரியாக வளர்கிறது, அரைகுறையாக எரிகிறது, கரும்புகை விடுகிறது. அதன்மேல் குனிந்து, “பாம்பு வருது, பாம்பு வருது” என்று கைதட்டிக்கொண்டு, முகத்தை ஒரு அடி தூரத்தில் வைத்திருப்பது ஐந்து வயதுக் குழந்தை. எங்கள் வீட்டில் என் பேத்திக்கு அதை நிறுத்திவிட்டோம். அழுதாள். பெட்டியில் இருக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவிட முடியும் என்றால் அது பாம்பு மாத்திரையாக இருக்கட்டும் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பசுமைப் பட்டாசு நல்லதுதான், வாங்குங்கள். நாக்பூரில் இருக்கும் நீரி என்ற தேசிய ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைகள் அவை. பேரியம் கிடையாது. எரியும்போது கொஞ்சம் நீராவி வந்து தூசை அமுக்கும்படியான வகையும் உண்டு. பெட்டியில் நீரி முத்திரையும் க்யூஆர் குறியீடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் அவர்களே சொல்வது புகை சுமார் 30 சதவீதம் குறையும் என்றுதான். மீதி 70 வரத்தான் செய்யும். போன வருடம் ஒரு பெட்டி வாங்கியவர், பசுமைதானே என்று இந்த வருடம் இரண்டு வாங்கினால் புகை போன வருடத்தைவிட நாற்பது சதவீதம் கூடிவிடும்.

சிவகாசிப் பிழைப்பை நினைத்துத் தயங்குபவர்கள் உண்டு. எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி அந்த வறண்ட மண்ணிலிருந்துதான் வருகிறது, லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. வெடிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எப்போது வெடிப்பது என்பதில்தான் என் கவனமெல்லாம்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தது. முதலில் இரவு 8 முதல் 10 வரை என்றிருந்தது. நமக்குத் தீபாவளி அதிகாலை எண்ணெய்க் குளியலோடு தொடங்குவது என்று தமிழக அரசு எடுத்துச் சொன்ன பிறகு, அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்படி வந்ததுதான் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இரண்டும் சட்டப்படி சமம். சேலத்துக் காற்றுக்குச் சமம் இல்லை. காலை 6-7-ல் விட்ட புகைக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் ஆயுள், பின்னாலேயே வெயில் வந்து தூக்கிவிடும். இரவு 7-8-ல் விட்ட புகை பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம் மூடிக்கு அடியில் கிடக்கும். அதே சரம், அதே தெரு. உள்ளே போகும் புகை பல மடங்கு. கங்கா ஸ்நானம் முடித்து, புதுத்துணி உடுத்தி, முதல் சரத்தைக் கொளுத்துவதுதான் நம் தாத்தா பாட்டி காலத்து வழக்கமும். வாங்கியதில் பெரும்பங்கைக் காலையிலேயே முடித்துவிட்டு, இரவுக்குப் பிள்ளைகள் ஆசைக்கு நான்கு புஸ்வாணம் வைத்துக்கொண்டால், சேலத்து இரவு எவ்வளவோ மாறும். உங்கள் தெருவில் பத்து வீட்டுக்காரர்களிடம் இதைப் பேசிப் பாருங்கள் தம்பி. “வெடிக்காதீர்கள்” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். “காலையில் வெடியுங்கள், எங்க அம்மாவுக்கு முடியலை” என்றால் கேட்பார்கள்.

ஏற்காடு யோசனை சரியா? பாதி சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், நம்மைவிட 1,200 மீட்டர் மேலே. இரவு மூடி சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் ஊர்ப் புகை இரவில் அங்கே எட்டாது. முற்பகலில் சரிவோடு ஏறிவரும்போது நன்றாக நீர்த்திருக்கும். ஆனால் ஐப்பசி ஏற்காட்டின் குளிரும் ஈரமும் சில ஆஸ்துமாக்காரர்களுக்குத் தாமே ஒத்துக்கொள்ளாது. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இறங்கித்தான் பெரிய மருத்துவமனை, மழைக்காலத்தில் சாலையில் மண் சரிவதும் உண்டு. அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும், மருத்துவரும் சரி என்கிறார் என்றால் தீபாவளிக்கு முந்தைய நாள் பகலிலேயே அழைத்துப் போங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் என்றால், தெருவிலிருந்து தள்ளிய ஓர் உள்ளறையை அவருக்கு ஒதுக்குங்கள். மாலை ஆறரைக்கே சன்னல் கதவை மூடி, கதவிடுக்கில் துணி வையுங்கள். அந்த அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் அன்று வேண்டாம். பத்து மணிக்குச் சத்தம் அடங்கிவிட்டது என்று சன்னலைத் திறந்துவிடாதீர்கள், பலரும் தவறுவது இங்கேதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் வந்ததும் எல்லாவற்றையும் விரியத் திறந்து விடுங்கள். வெளியே போயே ஆகவேண்டும் என்றால் என்95 முகக்கவசம் முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். அது துகளைத் தடுக்கும், கந்தக வாயுவைத் தடுக்காது. துணிக் கவசமும் முந்தானையும் இந்த அளவுத் துகளுக்குப் பயன்படாது. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விலகலாம், உள்ளே போன துகள் வெளியே வராது. தீபாவளி லேகியம் வயிற்றுக்கு.

மறுநாள் வாசலில் கிடக்கும் பட்டாசுக் காகிதத்தைத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். உலர்ந்த தூசைக் கூட்டினால் படிந்ததெல்லாம் மறுபடி எழும். குவித்துக் கொளுத்தவே கூடாது, வெடிக்காமல் தங்கிய மருந்தும் அதில் இருக்கும். இதைச் சொல்லும்போது விடியற்காலை ஐந்து மணிக்கே துடைப்பத்தோடு வந்து நிற்கும் தூய்மைப் பணியாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஊரே கதவை மூடிப் படுத்திருக்கும்போது, அந்தப் புகை மிச்சத்துக்குள் குனிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்க வேலை செய்பவர்கள் அவர்கள். அன்று ஒருநாள் மட்டுமாவது தெருக் கூட்டும் வேலையை வெயில் ஏறியபின் தொடங்க வைக்கலாம், நல்ல முகக்கவசம் கொடுக்கலாம். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள், நானும் எங்கள் வார்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை, நம் வாசல் குப்பையை நாமே நனைத்து அள்ளிச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, அம்மாவின் மருத்துவரைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். தினசரி எடுக்கும் மருந்தை அந்த வாரம் கூட்ட வேண்டுமா, இரைப்பு வந்தால் எத்தனை முறை இழுக்கலாம், எந்த நிலையில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலரில் எத்தனை டோஸ் மீதி என்று இன்றைக்கே பாருங்கள். தீபாவளி அன்று பல மருந்துக் கடைகள் மூடியிருக்கும்.